பின்னால் இன்ஜின், முன்னால் கூலர்

பழைய போர்ஷே 911 காரின் முன் மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடமும் பெட்ரோல் டேங்கும்தான் தெரியும். இன்ஜின் பின் அச்சையும் தாண்டிக் காரின் கடைக்கோடியில் தொங்குகிறது. ரேடியேட்டரைத் தேடிப் பயனில்லை. 1964-இல் உற்பத்தி தொடங்கியது முதல் 1998 வரை இந்தக் காரின் ரத்தத்தில் தண்ணீரே கிடையாது. பெல்ட்டில் சுழலும் பெரிய விசிறி ஒன்று ஆறு சிலிண்டர்களின் செதில்கள் மேல் காற்றை ஊதும். அந்தக் காற்று எட்டாத இடங்கள் நிறைய உண்டு: கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள், கேம் ஷாஃப்டுகள், வால்வு ஸ்பிரிங்குகள், பிஸ்டனின் அடிப்பக்கம். அங்கெல்லாம் சேரும் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருவது இன்ஜின் ஆயிலின் பொறுப்பு. மற்ற கார்களில் ஆயிலுக்கு உயவு வேலை முதன்மை, குளிர்விப்பது உபரி. இதில் இரண்டும் சரிபாதி என்றே சொல்லலாம்.

அதனால் ஆயிலும் தாராளமாகவே உண்டு. சாதாரணக் குடும்பக் காரில் நான்கு லிட்டர் அளவு ஆயில் இன்ஜினின் அடித்தட்டிலேயே கிடக்கும். 911-இல் அது தனி டேங்கில் இருக்கிறது, பத்து லிட்டருக்கும் மேல். டேங்க் வலது பின் சக்கரத்தை ஒட்டியது. 1972 மாடலில் மட்டும் எடையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவர டேங்க்கைச் சக்கரத்துக்கு முன்னே நகர்த்தி, ஆயில் ஊற்ற வெளிப்பக்கமாக ஒரு சிறு மூடி வைத்தார்கள். பங்க் ஊழியர்கள் சிலர் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்து அதில் பெட்ரோலை நிரப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டே டேங்க் பழைய இடத்துக்குத் திரும்பியது.

இன்ஜினோடு ஒட்டியே, விசிறிக் காற்று படும் இடத்தில், ஒரு கூலர் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 130 குதிரைத்திறன் கொண்ட முதல் இன்ஜினுக்கு அது போதும். 1969 மாடல் 911 எஸ் அதே 2 லிட்டரில் 170 குதிரைத்திறன் தந்தது. கூடுதல் திறன் என்றால் கூடுதல் சூடும்தான். இன்ஜினை ஒட்டிய கூலரால் சமாளிக்க முடியாமல், காரின் மறுகோடியில், வலது முன் மட்கார்டுக்குள், ஹெட்லைட்டுக்குப் பின்னால் இரண்டாவது கூலரை வைத்தது தொழிற்சாலை. பின்னால் இருக்கும் இன்ஜினின் ஆயில் கார் முழுக்க நடந்து முன்னால் போய்க் குளிர்ந்து திரும்பி வர வேண்டும். பார்க்கச் சுற்றுவழியாகத் தோன்றினாலும், புதுக்காற்று முதலில் வந்து மோதுவது அங்கேதான்.

எல்லா 911-களுக்கும் இந்தப் பேறு கிடைக்கவில்லை. திறன் குறைந்த மாடல்கள் பல முன் கூலர் இல்லாமலேயே விற்கப்பட்டன. அந்தக் கார்களுக்கு அதைப் பிற்பாடு பொருத்துவது உரிமையாளர்களிடையே அன்று முதல் இன்று வரை ஓயாமல் நடக்கும் வேலை. இந்த ஒரு வேலையைக் கூர்ந்து பார்த்தால் ஆயில் கூலர் என்ற பொருளின் அறிவியல் முழுவதும் விளங்கிவிடும். நம் ஊர்ச் சாலையில் பல்சர் 220-இலும் பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனிலும் இன்ஜினுக்கு முன்னால் தெரியும் சிறிய செதில் பெட்டியும் இதே குடும்பம்தான்.

ஆயில் சூடானால் என்ன கெட்டுவிடும்? இதற்கு விடை ரயில் பெட்டியிலிருந்து தொடங்குகிறது. 1880களில் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக போஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்குகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். சுழலும் அச்சின் மேல் பேரிங் அமர்ந்திருக்கும். அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனையும். மேலிருந்தும் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக அந்தத் துளை வழியே மேலேறி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். பிதுங்கி வெளியே வந்தது. மரக்கட்டை செருகினார், அதுவும் வந்தது. கடைசியில் அழுத்தமானியை மாட்டினால் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேல் காட்டியது. பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

பம்ப் எதுவும் இல்லாமல் அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்காக எழுதிக் காட்டினார். சுழலும் அச்சு தன் மேல் ஒட்டிய எண்ணெயைக் குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. உள்ளே போன எண்ணெய் எளிதில் வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறுகிறது; அந்த அழுத்தமே சுமையைத் தூக்கி நிறுத்துகிறது. உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. நடுவில் இருக்கும் படலத்தின் தடிமன் சில மைக்ரான். கடும் சுமையில் ஒரு மைக்ரானை நெருங்கும்.

டாஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்துத்தான் பலர் நிம்மதியடைகிறார்கள் அல்லது பதறுகிறார்கள். அது காட்டுவது பம்பின் அழுத்தம். பம்பின் வேலை ஆயிலை பேரிங் வரை கொண்டு சேர்ப்பது மட்டுமே. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் அழுத்தத்தை கிராங்க் ஷாஃப்டே சுழன்று உண்டாக்கிக்கொள்கிறது. அதற்கு அது நம்பியிருக்கும் குணம் ஆயிலின் பாகுநிலை; அந்தப் பாகுநிலையைத் தீர்மானிப்பது வெப்பநிலை.

பழைய 911-களில் வழக்கமாக ஊற்றும் 20டபிள்யூ-50 ஆயிலை எடுத்துக்கொள்வோம். 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை சுமார் 160 சென்டிஸ்டோக். 100 டிகிரியில் 18 ஆக இறங்கிவிடும். 130 டிகிரியில் 9 தான். அதாவது 100-க்கும் 130-க்கும் இடையில் பாதி போய்விடுகிறது. கடையில் 50 கிரேடு என்று காசு கொடுத்து வாங்கியது, 130 டிகிரியில் 30 கிரேடு ஆயில் 100 டிகிரியில் இருக்கும் அளவுக்குக்கூடத் தேறாது. படலம் மெலியும். சுமை ஏறும் ஏதோ ஒரு கணத்தில் உலோகத்தின் மேடுகள் உரசும். பேரிங்கின் மென்பூச்சு வழித்துக்கொண்டு போகும்.

இன்னொரு கேடு மெதுவாக வரும். சூடான ஆயில் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு வினை புரிந்து கெட்டியாகி, அமிலமாகி, அரக்குப் போலப் படியும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இந்த வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலார் கைவசம் வைத்திருக்கும் தோராய விதி. 110-இல் ஓடும் ஆயிலையும் 130-இல் ஓடும் ஆயிலையும் ஒரே கிலோமீட்டர் கணக்கில் மாற்றுகிறவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார்.

911-களில் சூட்டுக்குப் பேர்போனது 1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் இன்ஜின். 1968-இலிருந்து எடை குறைக்க கிராங்க் கேஸை மக்னீசியக் கலவையில் வார்த்துவந்தார்கள். 2 லிட்டருக்கு அது பொருந்தியது. 2.7 லிட்டரின் சூட்டுக்கும் விசைக்கும் தடுமாறியது. சிலிண்டரையும் ஹெட்டையும் கேஸோடு இறுக்கிப் பிடிப்பவை நீளமான எஃகு ஸ்டட்டுகள். 200 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.46 மில்லிமீட்டர் நீளும்; அதே நீள எஃகு 0.24 மில்லிமீட்டர்தான் நீளும். இந்த வித்தியாசம் முழுவதும் ஸ்டட்டின் மேல் கூடுதல் இழுவிசையாக ஏறுகிறது. அதன் மறுமுனையைப் பிடித்திருப்பதோ மென்மையான மக்னீசிய மரை. சூட்டில் இன்னும் தளர்ந்து, மரையோடு ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

அமெரிக்காவுக்குப் போன கார்களுக்கு இன்னொரு சோதனையும் சேர்ந்தது. 1975 முதல் 1977 வரை அங்கே புகை விதிகளுக்காக தெர்மல் ரியாக்டர் என்ற பெட்டிகளைச் சிலிண்டர் ஹெட்டுகளுக்குக் கீழேயே மாட்டினார்கள். எரியாமல் மிஞ்சிய புகையை அங்கேயே வைத்து எரிப்பதற்காக அவை கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றால் குளிரும் இன்ஜினின் வயிற்றுக்குக் கீழே அடுப்பு மூட்டியது போலத்தான். அதோடு விசிறியின் பதினோரு இறக்கைகளை ஐந்தாகவும் குறைத்திருந்தார்கள். இந்த இன்ஜினைப் பிரித்து ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் கேஸில் எஃகு மரைப் புதை போட்டு, ரியாக்டரைக் கழற்றி, பதினோரு இறக்கை விசிறியை வைத்து, முன் கூலரையும் சேர்க்காமல் விடுவதில்லை. கூலரை மட்டும் பொருத்திவிட்டு மற்றவற்றை அப்படியே விடுவது அரை வைத்தியம். 1978-இல் கம்பெனியே கேஸை அலுமினியத்துக்கு மாற்றியது.

கூலர் எவ்வளவு சூட்டை எடுக்கும்? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 30 லிட்டர் ஆயில் கூலருக்குள் போகிறது, உள்ளே வரும்போது இருந்ததைவிடப் பத்து டிகிரி குறைந்து வெளியேறுகிறது என்று கொள்வோம். ஆயிலின் அடர்த்தி லிட்டருக்கு 0.85 கிலோ, ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 2 கிலோஜூல் வேண்டும், அதாவது தண்ணீருக்கு வேண்டியதில் பாதி. பெருக்கிப் பார்த்தால் 8.5 கிலோவாட் வருகிறது. இதை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்று 40 டிகிரியில் நுழைந்து 80 டிகிரியில் வெளியேறுவதானால் விநாடிக்கு சுமார் 180 லிட்டர் காற்று செதில்கள் வழியே போக வேண்டும். ஓர் அடி நீளமும் முக்கால் அடிக்குள் உயரமும் உள்ள கூலருக்கு, காற்று விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் நுழைந்தால் இது நடந்துவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரை எதிர்கொள்ளும் காற்று விநாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் வருகிறது. கணக்கில் தாராளமாக இருக்கிறது.

காரில் அப்படி இருப்பதில்லை. காரணம் காற்று நுழையும் வழியைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், வெளியேறும் வழியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. கூலருக்கு முன்னும் பின்னும் அழுத்த வேறுபாடு இருந்தால்தான் காற்று ஊடுருவும். 911-இன் முன் மட்கார்டுக்குள் பின்புறம் சக்கரம் சுழன்று காற்றைக் கலக்கிக்கொண்டிருக்கிறது. முன்புறம் பம்பர் மறைக்கிறது. கூலரைச் சுற்றித் தகடு வைத்து அடைக்காவிட்டால் காற்று கஷ்டப்பட்டுச் செதில்களுக்குள் புகுமா, சுற்றிப் போகுமா? சுற்றித்தான் போகும். பம்பரில் துளை போட்டு, தகடு கட்டி, பின்பக்கமும் வழி விட்ட சிறிய கூலர் ஒன்று, வெறுமனே தொங்கவிட்ட பெரிய கூலரைத் தோற்கடிப்பது சாதாரணமாக நடப்பதே. 1973-இன் பந்தயக் கார் கரேரா ஆர்எஸ்ஆரில் கூலரை மட்கார்டில் ஒளிக்காமல் முகத்துக்கு நடுவிலேயே, ஸ்பாய்லரில் செவ்வக ஓட்டை போட்டு வைத்ததன் காரணம் இதுதான்.

கம்பெனி வைத்த கூலரே மூன்று அவதாரம் எடுத்தது. முதலில் பரவலாக வந்தது வளைந்து வளைந்து ஓடும் வெறும் குழாய். டிராம்போன் வாத்தியத்தைப் போல இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதற்குப் பரப்பளவு குறைவு, பலனும் குறைவு. அடுத்து பல மெல்லிய பித்தளைக் குழாய்கள் அடுக்கியது. 1980களின் நடுவில் 911 கரேரா மாடலில் வந்தது ரேடியேட்டர் போலச் செதில்கள் நெருங்கியது. 1987-இல் அதற்கு மின்விசிறியும் சேர்ந்தது. டிராஃபிக்கில் நிற்கும் காருக்கு அந்த விசிறி இல்லாமல் முன் கூலர் பெரும்பாலும் அலங்காரம்தான். வெயிலும் கணக்கில் வரும். ஆயில் 110 டிகிரியில் இருக்கும்போது வெளிக்காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 90. வெளியே 40 என்றால் வித்தியாசம் 70. அதே கூலர், அதே வேகம், ஆனால் வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

இனி குழாய்ப் பாதை. 911-இல் இரண்டு ஆயில் பம்புகள் ஒரே தண்டில் சுழல்கின்றன. ஒன்று இன்ஜினுக்குள் வடிந்த ஆயிலை உறிஞ்சி டேங்குக்கு அனுப்பும். மற்றது டேங்கிலிருந்து எடுத்து பேரிங்குகளுக்குத் தள்ளும். முன் கூலர் அமர்வது முதல் பம்பின் திரும்பும் வழியில். இது உண்மையிலேயே கெட்டிக்கார ஏற்பாடு. எவ்வளவு நீளக் குழாய் போட்டாலும், கூலர் எவ்வளவு தடை கொடுத்தாலும், பேரிங்குக்குப் போகும் அழுத்தம் குறையாது. சாதாரண இன்ஜின்களில் இந்த வசதி இல்லை. அங்கே ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு தடித்த வளையத் தட்டை வைத்து, அதிலிருந்து இரண்டு ஹோஸ்களைக் கூலருக்கு இழுப்பார்கள். பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் முழுவதும் அந்த ஹோஸ்களைக் கடந்தாக வேண்டும். குறுகலான ஹோஸ் போட்டால் அழுத்தம் விழும். ஹோஸ் கிழிந்தால் முழு ஆயிலும் சில விநாடிகளில் சாலையில் இருக்கும்; இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கூலரில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், ஹோஸிலும் இணைப்பிலும் பிடிக்காதீர்கள்.

911-இல் குழாய்கள் வலது வாசலுக்குக் கீழே, காரின் விலாவோரமாகப் போகின்றன. கம்பெனி போட்டவை பித்தளைக் குழாய்கள். கூலரைச் சேரும் முன்பே கொஞ்சம் சூட்டை வழியில் விட்டுவிடுகின்றன. ரப்பர் ஹோஸ் போட்டால் வேலை எளிது, ஆனால் அது சூட்டைப் பொத்தி வைத்துக்கொள்ளும். பழைய இணைப்புகளைக் கழற்றுவதுதான் இந்த வேலையின் கெட்ட பகுதி. சூடான ஆயிலைக் கூலர் பக்கம் திருப்பிவிடும் தெர்மோஸ்டாட்டின் உடல் அலுமினியம், அதில் சேரும் குழாயின் நட்டு எஃகு. இரண்டு வேறு உலோகங்கள் மழைநீரில் நாற்பது ஆண்டு சேர்ந்து கிடந்தால் மின்வேதி அரிப்பில் ஒன்றாகவே ஆகிவிடும். இரண்டு பெரிய ஸ்பானர் போட்டு பலத்தைக் காட்டினால் போவது தெர்மோஸ்டாட்டின் மரை. அனுபவமுள்ளவர்கள் பலத்தைக் காட்டுவதில்லை. நட்டை நீளவாக்கில் கட்டிங் வீலால் அறுத்து, உளி வைத்துப் பிளந்துவிடுவார்கள். நட்டும் குழாயும் போகட்டும். தெர்மோஸ்டாட் பிழைக்க வேண்டும்.

அந்தத் தெர்மோஸ்டாட்டைத் தவிர்த்துவிட்டுக் கூலரை நேரடியாக இணைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். குளிர்ச்சி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆயிலுக்கு அப்படி இல்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சமும், எரியாத பெட்ரோலில் கொஞ்சமும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். ஆயில் நன்றாகச் சூடானால்தான் அவை ஆவியாகி வெளியேறும். 60, 70 டிகிரியிலேயே ஓடும் இன்ஜினில் தண்ணீரும் அமிலமும் தங்கி, மூடிக்கு அடியில் வெளிர்மஞ்சள் கூழாகத் தெரியும். கெட்டியான ஆயிலைக் கலக்கவே திறனும் வீணாகும். 20 டிகிரிக் குளிர்ந்த ஆயிலின் பாகுநிலை 500 சென்டிஸ்டோக்கை ஒட்டியது. அதை மெல்லிய கூலர் பாதைகளுக்குள் தள்ளினால் கூலரே வெடிக்கவும் கூடும்.

911-இன் வெளித் தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. 85 டிகிரியை ஒட்டி மெழுகு உருகிப் பருத்து ஒரு தண்டைத் தள்ளும். அதுவரை நேராக டேங்குக்குப் போய்க்கொண்டிருந்த ஆயில் அப்போது முன்னால் திரும்பும். மின்சாரமும் கிடையாது, கணினியும் கிடையாது. மெழுகு உருகும் வெப்பநிலையைத் தேர்ந்தெடுத்ததிலேயே முழுக் கட்டுப்பாடும் அடங்கிவிட்டது. நல்ல கூலர் அமைப்பு என்பது மலைப்பாதையிலும் ஆயிலை 90-க்கும் 110-க்கும் இடையில் பிடித்து வைப்பது. ஆகவே கூலர் வாங்கும் முன் வாங்க வேண்டியது வெப்பமானி. பழைய 911-களில் ஆயில் வெப்பமானி உண்டு. பல கார்களில் அதில் எண்ணே இருக்காது, கோடுகளும் சிவப்புப் பட்டையும் மட்டும். மானிக்குப் பக்கத்தில் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ள அரை நாள் போதும். அளந்து பார்த்தால் கூலரே தேவையில்லை என்று தெரியவரும் கார்களும் உண்டு. வாரம் ஒருமுறை கடைத்தெரு வரை போய்வரும் கார் அவற்றில் ஒன்று.

பழைய கூலரை மலிவாக வாங்குவதில் ஓர் ஆபத்து. முந்தைய காரில் பேரிங் உடைந்திருந்தால் அதன் உலோகத் துகள்கள் கூலரின் மெல்லிய பாதைகளில் தங்கியிருக்கும். எதைக்கொண்டு கழுவினாலும் முழுவதும் வராது. புது இன்ஜின் கட்டி அதில் இந்தக் கூலரை மாட்டினால் அந்தத் துகள்கள் ஒருநாள் கிளம்பிப் புது பேரிங்கைத் தேடி வரும்.

எல்லாம் பொருத்திய பிறகு ஆயில் அளவு பார்ப்பதிலும் 911-க்குத் தனி வழக்கம் உண்டு. புதிதாகப் போட்ட குழாய்களும் கூலரும் இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை குடிக்காது. எனவே காரை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, கூலரைத் தொட்டால் கை சுடுகிறதா என்று பார்த்து, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேங்கின் அளவுக்குச்சியை உருவ வேண்டும். மற்ற கார்களின் பழக்கத்தில் காலையில் குளிர்ந்த இன்ஜினில் பார்த்தால் குச்சியில் ஆயிலே ஒட்டாது. அதைக் கண்டு பதறி ஊற்றினால் டேங்க் நிறைந்து, மிஞ்சியது மூச்சுக்குழாய் வழியாகக் காற்று ஃபில்டருக்குள் போய், அங்கிருந்து இன்ஜினுக்குள் நுழைந்து எரியும். தெருவே நீலப் புகையாகும். அந்தப் புகையைப் பார்த்ததும் பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் இரண்டு லிட்டர் ஆயிலை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.